பழைய சரக்கு வேன் வாங்குவோர் சோதித்தறிய வேண்டிய குறைகள்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவரும் மாட்டின் பல்லைப் பாராமல் அச்சாரம் கொடுப்பதில்லை. பல்லைப் பார்த்து வயதையும், நடக்கவிட்டுக் கால் குற்றத்தையும், பிடரியைத் தடவி நுகத்தடித் தழும்பையும், ஏரில் பூட்டிச் சண்டித்தனத்தையும் அறிந்துகொண்ட பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவர். ஆனால் அதே குடியானவர், மாட்டின் விலையைப்போல் பல மடங்கு பணம் கொடுத்துப் பழைய மோட்டார் வேன் ஒன்றை வாங்கும்போது, புதுப் பெயிண்டின் பளபளப்பையும் தரகரின் வாய்ச்சொல்லையும் நம்பி ஒரே நாளில் கிரயத்தை முடித்துவிடுகிறார். மாடு வாய் பேசாது. வேனும் வாய் பேசாது. எனினும் இரண்டும் தம் குறையைக் காட்டும் அடையாளங்களை உடம்பிலேயே தாங்கி நிற்கின்றன. அவ்வடையாளங்களைக் கண்டுகொள்ளும் விதத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குன்றத்தூர் வட்டாரத்தில் இவ்விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. சோமங்கலம், மணிமங்கலம், படப்பை முதலிய இடங்களைச் சேர்ந்த குடியானவர்கள் கீரையும் காய்கறியும் 1996 முதல் நடைபெற்றுவரும் கோயம்பேடு அங்காடிக்குப் பொழுது விடியுமுன் கொண்டு சேர்க்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள். மறுபுறம், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றிற்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் திருமுடிவாக்கம் முதலிய இடங்களில் பல உள்ளன. அப்பட்டறைகளின் சரக்கை ஒப்பந்தத்தின்பேரில் ஏற்றிச் செல்லும் சிறு வேன்கள், ஒப்பந்தம் முடிந்தவுடன் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே இப்பக்கத்தில் பழைய வேன் கிடைப்பது எளிது. நல்ல வேன் கிடைப்பதோ அத்தனை எளிதன்று.

1. தேவையை முதலில் நிச்சயித்தல்

வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன் தமக்கு எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நடை என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுதல் வேண்டும். மக்கள் குட்டியானை என்று வழங்கும் டாட்டா ஏஸ் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முதல் வகை 702 கன சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டது. 750 கிலோ பாரத்திற்கென அமைக்கப்பட்டது. அதாவது 75 கிலோ நெல் மூட்டை பத்து, அல்லது 45 கிலோ யூரியா மூட்டை பதினாறு. இதற்கு மேற்பட்ட பாரம் அடிக்கடி ஏற்ற வேண்டியவர்கள் அசோக் லேலண்டு கம்பெனி 2011இல் வெளியிட்ட தோஸ்த், மகேந்திரா பொலேரோ பிக்கப் போன்ற பெரிய வகைகளைத் தேடுதல் நலம். சிறு வண்டியில் இரட்டைப் பாரம் ஏற்றி மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணுவது, கன்றுக்குட்டியைக் கமலையில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

நடை மிகக் குறைவாயுள்ளவர்களுக்கு வாடகை வண்டியே மேல். உதாரணமாக, ஒரு வேனுக்குத் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, ரிப்பேர் ஆகிய எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 ரூபாய் ஆகிறதென்றும், சொந்த வண்டியால் டீசல் செலவு போக நடை ஒன்றுக்கு 1,200 ரூபாய் வாடகை மிச்சமாகிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டில் 75 நடைக்குக் குறைவாகச் செல்பவருக்குச் சொந்த வண்டியால் நஷ்டமேயன்றி லாபமில்லை. இத்தகையவர்கள் பங்காளிகளுடனோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமாகவோ கூட்டாக வண்டி வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

2. பத்திரங்களைப் பார்த்தல்

நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது போலவே வண்டிக்கும் வில்லங்கம் பார்த்தல் வேண்டும்.

(அ) ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் பொறித்துள்ள நம்பர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க. நம்பர் பொறித்த இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளுதல் நல்ல வழக்கம். அவ்விடத்தில் அரம் தேய்த்த அடையாளமோ, வெல்டிங்கோ, ஏனைய இடங்களில் இல்லாத புதுப் பெயிண்டோ காணப்பட்டால் அவ்வண்டியைத் தொட வேண்டாம்.

(ஆ) மத்திய அரசாங்கத்தாரின் பரிவாஹன் இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் வண்டி நம்பரைக் கொடுத்து, உரிமையாளர் எத்தனையாவது கை, கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் பதிவில் நிற்கிறதா, எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் எந்நாள் வரை உள்ளன, கட்டப்படாத அபராதச் சலான்கள் உண்டா என்பவற்றை அறியலாம். கடன் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. கடன் கொடுத்தவரின் தடையில்லாக் கடிதமும் 35ஆம் நம்பர் பாரமும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

(இ) சரக்கு வண்டி புதிதாயிருக்கையில் முதல் எஃப்.சி. ஈராண்டுக்கு உண்டு. பின்னர் எட்டு வயது வரை ஈராண்டுக்கொரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். எஃப்.சி. முடிய இரண்டு மாதமே இருக்கும் வண்டி மலிவாகக் கிடைக்குமாயின், எஃப்.சி. காட்டுவதற்குரிய டிங்கரிங், பெயிண்ட், டயர்ச் செலவுகளை விற்பவர் நம் தலையில் சுமத்துகிறார் என்று அறிக.

(ஈ) மொத்த எடை 3,000 கிலோவிற்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெர்மிட் வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டதற்கு வேண்டும். லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இலகு ரக மோட்டார் வண்டி லைசென்ஸ் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவிற்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது.

(உ) ஆட்கள் செல்லும் வேனாகப் பதிவான ஆம்னி, ஈக்கோ போன்ற வண்டிகளில் ஆசனங்களைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவோர் உளர். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுதல் குற்றமாகும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் தகராறுக்குள்ளாகும். எரிவாயு சிலிண்டர் பூட்டிய வண்டியாயின் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்பதையும், சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கொரு முறையும் எல்.பி.ஜி. சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கொரு முறையும் செய்யற்பாலதாகிய சோதனை நடந்திருக்கிறதா என்பதையும் பார்க்க.

3. வண்டியின் பூர்வோத்தரத்தை விசாரித்தல்

வேன் எந்தத் தொழிலில் உழைத்தது என்று தெரிந்தால், எந்த இடத்தில் குறையைத் தேட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். நம் வட்டாரத்தில் விற்பனைக்கு வருவன பெரும்பாலும் மூவகை.

முதலாவது, தொழிற்சாலை ஒப்பந்தத்தில் ஓடியது. இரும்பு வார்ப்படங்கள் இடத்தில் சிறியனவாயினும் எடையில் பெரியன. தொட்டி பாதி காலியாய்த் தோன்றும்போதே பாரம் அளவு கடந்திருக்கும். இத்தகைய வண்டியில் வில்பட்டையும் சேசிஸும் பின் அச்சும் முதலில் கெடும். மீட்டர் காட்டும் தொலைவையும் இங்கு நம்புதற்கில்லை. நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடிய வண்டி ஆறாண்டில் 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். மீட்டரோ 62,000 என்று காட்டுமானால் யார் பொய் சொல்லுகிறார்கள் என்று கேட்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் மூன்று வயது கடந்த வண்டிகளின் ஆண்டுச் சோதனையில் மீட்டர் அளவு குறித்துக்கொள்ளப்படுகிறது; அதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். நாம் பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பில் இல்லையெனில், கிளச்சு, பிரேக் பெடல்களின் ரப்பர் தேய்வும், ஸ்டியரிங் வளையம் மழமழப்பாகியிருப்பதும், டிரைவர் ஆசனம் ஒருபுறம் அமுங்கியிருப்பதும் உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, மீன் ஏற்றியது. ஐஸ் கரைந்த உப்பு நீர் தொட்டியின் இடுக்குகள் வழியே இறங்கிச் சேசிஸை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே தகடு புதிதாய் மாற்றப்பட்டிருக்கும். அடியில் இரும்பு அப்பளம்போல் உதிரும். உர மூட்டை ஏற்றிய வண்டிகளிலும் இக்குறை ஓரளவு உண்டு.

மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கியது. இதுவே மூன்றிலும் கொடியது. ஆகவே தனியே கூறப்படும்.

4. வெள்ளம் கண்ட வண்டி

24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பர் முதல் தேதி நிரம்பியபோது வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வரதராஜபுரம், முடிச்சூர் முதலிய இடங்களில் வண்டிகள் வாரக்கணக்கில் நீரிலும் சேற்றிலும் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையைச் சுற்றிலும் பல வண்டிகள் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டிகள் யாவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. பல கழுவி, பெயிண்ட் அடித்து, கைமாறி மீண்டும் சாலைக்கு வந்தன.

இதை எழுதுபவனுக்கு நேர்ந்த தலைகுனிவு ஒன்றை இங்குக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். 2016 சித்திரையில் சோமங்கலத்தை அடுத்த ஊரில் கீரை பயிரிடும் குடியானவர் ஒருவர், மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு சிறு வேன் வாங்கப் புறப்பட்டார். வண்டி சந்தை விலைக்கு நாலிலொரு பங்கு குறைவாயிருந்தது. என்னையும் உடன் வருமாறு அழைத்தார். நானும் சென்றேன். எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், சத்தம் சுத்தமாயிருந்தது. "நல்ல வண்டிதான், வாங்குங்கள்" என்று சொன்னேன். மலிவாயிருப்பதேன் என்று நான் கேட்கவில்லை. அடிப்பாயைத் தூக்கிப் பார்க்கவுமில்லை.

மூன்றாவது வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு, கீரைக் கட்டுகள் நிறைந்த வண்டி வெளிவட்டச் சாலையில் விளக்கும் எஞ்சினும் ஒருங்கே அணைந்து நின்றது. கோயம்பேட்டில் கீரையின் விலை காலை ஏழு மணிக்குமேல் இல்லை. அன்றைய சரக்கு மாட்டுக்குத் தீனியாயிற்று. பிறகு ஒயரிங் மாற்றப்பட்டது. ஐந்து மாதத்தில் கியர் பெட்டியின் பேரிங்குகள் கெட்டன. மெக்கானிக் ஆசனத்தைக் கழற்றியபோது அதன் அடியில் காய்ந்த வண்டல் ஒரு விரற்கடை இருந்தது. குடியானவர் வண்டியை உதிரிப் பாகமாக விற்றார். நகையை மீட்க இரண்டு போகம் சென்றது. அவர் இன்றுவரை என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. அதனாலேயே கீழ்க்கண்ட சோதனைகளை எழுதிவைக்க வேண்டியவனானேன்.

(அ) அடிப்பாயைத் தூக்கி, ஆசனத்தின் கீழும் கதவின் உள் மடிப்புகளிலும் வண்டல் உண்டா என்று விரலை விட்டுப் பார்க்க. கண்ணாடிகளை ஏற்றி அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தித் திறந்தால், பாசி வாடை மறைக்க முடியாதபடி வெளிவரும். வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளித்திருந்தால் அதுவும் ஓர் அடையாளமே.

(ஆ) சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க. வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பர். உட்சுருளில் சேற்று நீர் நின்ற கோடு அப்படியே இருக்கும்.

(இ) ஆசனம் பூட்டிய போல்ட்டுகள், டாஷ்போர்டின் கீழுள்ள திருகுகள் ஆகியவற்றில் துரு, முன் விளக்கின் உட்புறம் நீர்ப்பூப்பு, ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு ஆகியவற்றை நோக்குக.

(ஈ) கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு இவற்றின் ஆயிலை மெக்கானிக்கைக் கொண்டு சிறிது வெளியே விடச் செய்க. பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது நிச்சயம்.

5. சேசிஸும் தொட்டியும்

எஞ்சினை மாற்றலாம், டயரை மாற்றலாம், வளைந்த சேசிஸை மாற்றுதல் வண்டியையே மாற்றுவதற்குச் சமம். ஆகையால் எஞ்சினுக்கு முன் இதைப் பார்த்தல் முறை.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்புறம் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்க்க. தொட்டி ஒருபுறம் சாய்ந்திருந்தால் வில்பட்டை தளர்ந்தோ முறிந்தோ இருக்க வேண்டும். பின்னர் அடியில் குனிந்து, டார்ச் விளக்கின் உதவியால் சேசிஸ் சட்டத்தை முன்னிருந்து பின்வரை தொடர்ந்து நோக்குக. வில்பட்டையைத் தாங்கும் கொக்கிகளின் அருகிலே வெடிப்பும் வெல்டிங் அடையாளமும் இருக்கின்றனவா என்பது முக்கியம். கூடுதலாக வில்பட்டை சேர்த்திருந்தால் அவ்வண்டி அளவுக்கு மிஞ்சிய பாரம் சுமந்ததற்கு அதுவே சாட்சி. சிறு சுத்தியலால் சட்டத்தை மெல்லத் தட்டுக. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இது கடினமன்று.

கேபினில் பட்டி வைத்துப் பூசிய இடத்தைச் சிறு காந்தத்தால் அறியலாம். இரும்பில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின்மேல் ஒட்டாது. சிறு உரசலுக்குப் பட்டி வைப்பது குற்றமன்று. ஆனால் முன்தூண், கதவுச் சட்டம், முன் அச்சைத் தாங்கும் பாகம் ஆகிய இடங்களில் அது காணப்பட்டால் பெரும் விபத்து நேர்ந்ததென்று கொள்க. இரு கதவுகளின் இடைவெளியும் ஒரே அளவாயிருக்கிறதா என்பதையும் ஒத்துப் பார்க்க.

6. எஞ்சின்

வண்டியைக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பதை ஒரு விதியாகக் கொள்ளுக. முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பாராயின், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுக. குளிரில் முரண்டும் எஞ்சின் சூட்டில் சாதுவாகிவிடும். அவ்வாறே எஞ்சினை நீராவியால் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாலும் ஐயுற வேண்டும். ஆயில் கசிவை மறைப்பதற்கு அது எளிய வழி.

புகையின் நிறம் நோயின் நிறமாகும். புறப்படும்போது சிறிதளவு வெண்புகை தோன்றி மறைவது இயல்பு. சூடான பின்னும் வெண்புகை விடாது வருமாயின், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் செல்லுகிறது என்று சந்தேகிக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ, வால்வு சீல்களோ, டர்போவோ தேய்ந்திருக்கும். கரும்புகை, டீசல் முற்றும் எரியாமையைக் காட்டும்; காற்று வடிகட்டி அடைபட்டாலும் நாஸில் கெட்டாலும் இது வரும். இம்மூன்றில் கரும்புகை பெரும்பாலும் சிறு செலவில் தீரும். நீலப்புகையும் விடாத வெண்புகையும் பெருஞ்செலவிற்கு அடையாளம்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாய்த் திறந்து பார்க்க. அவ்வழியே காற்று குபுகுபுவென்று வீசினால் சிலிண்டர் தேய்ந்துள்ளது. மூடியின் உட்புறம் வெண்ணெய்போன்ற படிவு இருந்தால் ஆயிலில் நீர் கலந்துள்ளது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். நீரில் துருவும் எண்ணெய்ப் படலமும் மிதப்பது நற்குறியன்று. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின் அது கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று கேட்க. பில் காட்டாவிடில், மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்க. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் வளையும்.

2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான வண்டிகள் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்டவை. இவற்றின் டீசல் வகைகளில் புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், சிலவற்றில் ஆட்புளூ என்னும் திரவத்தால் புகையைத் தூய்மை செய்யும் அமைப்பும் உண்டு. இவை கெட்டால் செலவு மிகுதி. சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாத விளக்கு ஒரு குறையைக் காட்டும். முதலிலேயே எரியாத விளக்கு, குறையை மறைக்க யாரோ கழற்றிவிட்டதைக் காட்டும்.

7. ஓட்டிப் பார்த்தல்

வெறும் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்ப்பது போதாது. இயலுமாயின் பாதிப் பாரமேனும் ஏற்றி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர், நல்ல சாலையிலும் கரடான சாலையிலும் ஓட்டுக.

கிளச்சு: கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, முன்னே ஆள் இல்லாத இடத்தில் கிளச்சை மெல்ல விடுக. எஞ்சின் உடனே நின்றால் கிளச்சு நன்று. நில்லாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தேய்ந்தது.

கியரும் பின் அச்சும்: ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் கியர் தானாக நழுவுமானால் பெட்டியை இறக்க வேண்டிவரும். வேகம் கூடக்கூடப் பின்னிருந்து ஊளைபோன்ற ஓசை எழுமாயின் கிரவுன் பற்கள் தேய்ந்துள்ளன. புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் டக்கென்ற ஓசை கேட்டால் சாஃப்டின் ஜாயிண்டு ஆடுகிறது. இது சிறு செலவு.

ஸ்டியரிங்: ஸ்டியரிங் வளையத்தை இரு புறமும் மெல்ல அசைத்தால் சக்கரம் உடனே பதில் சொல்ல வேண்டும். முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியலாகாது.

பிரேக்கு: ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் அழுத்தினால் வண்டி ஒருபுறம் இழுக்காமல் நேரே நிற்க வேண்டும். நின்ற நிலையில் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டிருந்தால் அது கீழே இறங்கலாகாது. கைப்பிரேக்கை ஏரிக்கரைச் சரிவில் பாரத்தோடு நிறுத்திச் சோதிக்க.

டயர்: பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுக. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். முன் டயர் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர நேர்த்தி தவறியோ, அச்சு வளைந்தோ இருக்கும். பட்டன் கூடியிருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடிய பழைய டயர் பாரத்திற்கு ஆகாது.

பேட்டரி: எஞ்சின் நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். மெக்கானிக்கிடம் இதற்கு மீட்டர் இருக்கும்.

8. விலையை நிர்ணயித்தல்

விற்பவர் சொல்லும் விலை விலையன்று. அதனோடு உடனே செய்ய வேண்டிய ரிப்பேர்ச் செலவையும் சேர்த்ததே விலை. 2,40,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வேனுக்கு 55,000 ரூபாய் ரிப்பேர் வேண்டுமென்றும், 2,80,000 ரூபாய் வேனுக்கு 8,000 ரூபாய் போதுமென்றும் வைத்துக்கொள்வோம். முன்னதன் உண்மை விலை 2,95,000. பின்னதன் விலை 2,88,000. மலிவென்று எண்ணியது 7,000 ரூபாய் அதிகமாவதோடு, பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகையும் நஷ்டமாகிறது. விற்பவரோடும் தரகரோடும் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, அவர் எழுதித் தரும் ரிப்பேர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுக. இக்கூலியை மிச்சம் பிடிப்போர் பின்னர் அதைப் பல மடங்காகக் கொடுப்பர்.

9. பெயர் மாற்றம்

கிரயம் முடிந்ததும் 29, 30ஆம் நம்பர் பாரங்களில் இருவரும் கையொப்பமிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுதல் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் அறிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வாங்கியவர் 14 நாட்களுக்குள் எழுதுதல் வேண்டும். வேறு அலுவலகத்தில் பதிவான வண்டியாயின் தடையில்லாச் சான்று வேண்டுமா என்று முன்னரே விசாரித்துக்கொள்க.

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வெள்ளைப் பாரத்தில் கையொப்பம் வாங்கி வைத்திருக்கும் வழக்கம் கிராமங்களில் மிகுதி. இதனால் விற்றவருக்கே பெருங்கேடு. வண்டி பல கை மாறியும் பதிவில் பெயர் மாறாதிருந்த ஒரு வழக்கில், விபத்துக்கான நஷ்டஈட்டிற்குப் பதிவிலுள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று வருஷங்கள் கழிந்தபின் நஷ்டஈட்டு நோட்டீசு வாசலுக்கு வந்தால் நிலத்தை விற்றே கட்ட நேரும். கிராம நிர்வாக அலுவலர்கள், சான்றுகளுக்காகத் தம்மிடம் வரும் குடியானவர்களுக்கு இதை எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.

சுருக்கம்

1. பாரமும் நடையும் கணக்கிட்ட பின்னரே வண்டி தேடுக.
2. சேசிஸ், எஞ்சின் நம்பர்களையும், கடன், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், சலான் விவரங்களையும் ஒத்துப் பார்க்க.
3. வண்டி செய்த தொழிலை விசாரிக்க. விலை மிகக் குறைவாயின் காரணம் தெரியும் வரை அச்சாரம் கொடாதேயுங்கள்.
4. அடிப்பாய், சீட் பெல்ட், கியர் ஆயில் மூன்றாலும் வெள்ளம் கண்டதா என்றறிக.
5. சேசிஸை எஞ்சினுக்கு முன் சோதிக்க.
6. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கிப் புகையை நோக்குக.
7. பாரத்தோடு ஓட்டிப் பார்க்க.
8. சொந்த மெக்கானிக்கின் ஜாபிதாவைக் கொண்டு விலை பேசுக.
9. பெயர் மாற்றத்தை ஒரு நாளும் தள்ளிப் போடாதேயுங்கள்.

மேலே கூறிய கீரைக் குடியானவர் நான்கு ஆண்டு கழித்து மற்றொரு வேன் வாங்கினார். அம்முறை மூன்று வண்டிகளைப் பார்த்து இரண்டைத் தள்ளினார். ஒன்றை அடிப்பாயைத் தூக்கிய மாத்திரத்தில், மற்றொன்றைச் சுத்தியலால் தட்டிய மாத்திரத்தில். மூன்றாவது வண்டிக்கு ஐந்து மணி நேரம் செலவிட்டார். அவ்வண்டி இன்றும் விடியுமுன் கோயம்பேடு சென்று திரும்புகிறது. பெருந்தொகை கைமாறும் காரியத்திற்கு ஒரு பகற்பொழுதைச் செலவிடுதல் நஷ்டமாகாது என்பதைக் குடியானவர்கள் மனத்திற் கொள்வார்களாக.